சத்தம் சேர்த்த வாரம்

ஜூன் 24, திங்கள்

ஒரு வழியாக டேப்லெட் வந்து சேர்ந்தது. பத்து டேப்லெட்டுக்கு ஆறு சார்ஜர். மீதி எங்கே என்று வட்டார வள மையத்துக்குப் போன் போட்டால், "வரும் டீச்சர், வரும்" என்கிறார்கள். மழையையா கேட்டேன்?

நாச்சிமுத்து சார் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அவர் தலைமையாசிரியர், நான் உதவி ஆசிரியை, இந்தப் பள்ளிக்கு அவ்வளவுதான் ஆள். "ஒடஞ்சா யாருங்க டீச்சர் பதில் சொல்றது? ஆய்வுக்கு வந்தா எடுத்துக் காட்டிட்டு மறுக்கா வெச்சரலாமுங்க" என்கிறார். பிள்ளைகளுக்கு வந்ததைப் பூட்டி வைத்தால் பீரோவா படிக்கும்? சாவியை வாங்கிவிட்டேன். கேட்கிற விதத்தில் கேட்டால் அவர் கொடுத்துவிடுவார்.

பிள்ளைகள் வருஷா வருஷம் குறைகிறார்கள். தனியார் பள்ளி வேன் வீட்டு வாசலுக்கே வந்து அள்ளிக்கொண்டு போகிறது. எங்கள் பள்ளியைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிடப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. இந்த டேப்லெட்டை வைத்தாவது ஏதாவது செய்து காட்ட வேண்டும்.

ஜூன் 28, வெள்ளி

முதல் நாள் ஆளாளுக்கு அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள். ஓர் அதட்டல் போட்டேன். எனக்குச் சிடுமூஞ்சி டீச்சர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது தெரியும். வைத்துக்கொள்ளட்டும்.

விளையாட்டு ஆப், எழுத்து ஆப் எதுவும் வேண்டாமென்று படம் பண்ணக் கற்றுக்கொடுத்தேன். புத்தகங்களை அடுக்கி அதன்மேல் டேப்லெட்டை வைத்து, கீழே ஒரு புளியங்கொட்டையைப் போட்டு ஒரு போட்டோ. கொட்டையைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு போட்டோ. எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டினால் கொட்டை தானாக நடந்து போகிறது. அது நடந்ததைப் பார்த்து மூன்றாம் வகுப்பு கவின் பெஞ்சின்மேல் ஏறிக் கத்தினான். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு தடவை பல்லைக் காட்டினால் அப்புறம் வகுப்பு கையில் நிற்காது.

ஆச்சரியம் மதுமிதாதான். நாலாம் வகுப்பு. கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்களின் பெண். இரண்டு வருஷமாக வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. கோழி இறகையும் முட்டை ஓட்டையும் கொண்டுவந்து ஒரு பறவை செய்து அதைப் பறக்கவிட்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

மதுமிதாவின் அம்மா தேவி வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். பிள்ளைகள் டேப்லெட்டில் படிக்கிற போட்டோவைத் தினமும் வட்டார வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். போட்டோ இல்லையென்றால் பாடமே நடக்கவில்லை என்று அர்த்தம். அந்தப் போட்டோவில் தன் பெண் வரக்கூடாதாம்.

கண் பட்டுவிடுமென்று பயமா என்று கேட்டேன். கொஞ்சம் கிண்டலாகத்தான் கேட்டேன். அவள் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள். திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அவள் ஒரு சாதி, வீட்டுக்காரர் மணி வேறு சாதி. கல்யாணம் செய்துகொண்டு ஓடி வந்து பத்து வருஷம் ஆகிறது. ஊர் ஊராக மாறிக் கடைசியில் இங்கே வந்திருக்கிறார்கள்.

"எங்க அண்ணன் இன்னும் தேடிட்டுதான் இருக்கான் டீச்சர். கண்டா இவுகள உசிரோட விடமாட்டான். எம் மவளுக்கு அப்படியே என் மூஞ்சி."

பத்து வருஷம் கழித்தும் வேலைவெட்டி இல்லாமல் எவன் தேடிக்கொண்டிருப்பான்? இவள்தான் பயந்து சாகிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் மதுமிதாவின் முகம் எந்தப் போட்டோவிலும் வராது என்று வாக்குக் கொடுத்தேன். சொன்னால் சொன்னதுதான், என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஜூலை 3, புதன்

போட்டோ எடுக்கும் நேரத்தில் மதுமிதாவைத் தண்ணீர் குடிக்க அனுப்பினேன்.

ஜூலை 19, வெள்ளி

மாவட்ட அளவில் பிள்ளைகள் எடுக்கும் குறும்படத்துக்குப் போட்டி அறிவித்திருக்கிறார்கள். பரிசு வாங்கினால் பேப்பரில் வரும். பேப்பரில் வந்த பள்ளியை மூட யோசிப்பார்கள். சனி ஞாயிறில் டேப்லெட்டை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பப் போகிறேன் என்றதும் நாச்சிமுத்து சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். என் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தேன்.

இந்த வாரம் கவினுக்கும் மதுமிதாவுக்கும்.

ஜூலை 22, திங்கள்

கவின் தன் வீட்டு எருமையை நாற்பது போட்டோ எடுத்து வந்திருக்கிறான். எருமை அசையவே இல்லை.

மதுமிதாவின் படத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். சாம்பல் இறகில் ஒரு மைனா, கறுப்பு இறகில் ஒரு காக்கா. இரண்டும் கல்யாணம் செய்துகொள்கின்றன. மைனாவின் அண்ணன்மார் துரத்துகிறார்கள். மக்காச்சோளத் தட்டையில் மரம், முட்டை ஓட்டில் நிலா. கதை சொல்வது அவள் அம்மா. ராத்திரி தூங்க வைக்கச் சொல்லும் கதையாம், அம்மாவுக்குத் தெரியாமல் பதிவு செய்திருக்கிறாள். பின்னால் பண்ணைக் கோழிகளின் சத்தம். தேவியின் குரலில் அப்படி ஒரு குழைவு. என்னிடம் பேசும்போது எங்கள் ஊர்க்காரி மாதிரி பேசப் பார்ப்பவள், இதில் அவள் ஊர்ப் பேச்சையே பேசுகிறாள். முடிவில் சொல்கிறாள்: "பறந்து பறந்து, பேரு கேக்காத ஊராப் பாத்து, அங்கன போயிக் கூடு கட்டிச்சாம். அவ்வளவுதாம்ட்டி, ஒறங்கு."

தொடக்கத்தில் பள்ளியின் பெயர், ஊர், மாணவி பெயர் எல்லாம் வர வேண்டும் என்பது போட்டி விதி. போட்டேன். மதுமிதாவின் முகம் இல்லை. விரல் நுனிகூட ஓரிடத்தில்தான் தெரிகிறது. வாக்கு போட்டோவுக்குத்தான் கொடுத்தேன், குரலுக்கு இல்லை.

தேவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். பண்ணைக்கு வெயிலில் நடக்க வேண்டும், நாளைக்குக் கடைசித் தேதி. அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

முதல் பரிசு!

படம் எங்கெங்கோ சுற்றுகிறது. வட்டாரக் குழுவிலிருந்து மாவட்டக் குழு, அங்கிருந்து வேறு மாவட்டத்து ஆசிரியர் குழுக்கள், யார் யாரோ ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறார்கள். போனைக் கீழே வைக்க முடியவில்லை. திருநெல்வேலியிலிருந்து ஒரு டீச்சர் கூப்பிட்டு, "எங்க ஊர்ப் பேச்சு அப்படியே இருக்கே, யாரு அவங்க?" என்று கேட்டார். பெருமையாக இருந்தது. இருபத்து மூன்று வருஷ உத்தியோகத்தில் என்னை யாரும் இப்படிக் கூப்பிட்டுப் பேசியதில்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

தேவி வந்தாள். பண்ணை சூப்பர்வைசரின் போனில் பார்த்தாளாம். சண்டை போடுவாள் என்று நினைத்தேன், போடவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. அழித்துவிடுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் கண் முன்னாலேயே எங்கள் குழுவிலிருந்து அழித்தேன். எல்லார் போனிலிருந்தும் போய்விடுமா என்று கேட்டாள். போய்விடும் என்றேன். பின்னே என்ன சொல்வது?

வேறு ஊருக்குப் போகலாம் என்றால் பண்ணையில் வாங்கிய முன்பணம் கழியவில்லையாம். அவசரப்படாதே, ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அடுத்த பாடம் சத்தம். இந்த வாரம் முழுக்க டேப்லெட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், ஊரில் கேட்கிற சத்தங்களை அதில் பிடித்து வர வேண்டும். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் அது என்ன சத்தம் என்று அவர்களே சொல்ல வேண்டும். பல தடவை கேட்ட சத்தம் கூடாது, எப்போதாவது கேட்கிற சத்தமாக இருந்தால் மதிப்பெண் அதிகம் என்றேன்.

இதுவரை வந்தவை: மாவு மில், ரேஷன் கடைத் தராசு, சத்துணவுக் கூடத்துக் கரண்டி. நாச்சிமுத்து சாரின் குறட்டையைக் கவின் பிடித்துவிட்டான். அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

மத்தியானம் காரில் இரண்டு பேர் வந்தார்கள். சென்னையில் குழந்தைகள் குறும்பட அறக்கட்டளையாம், கழுத்தில் அடையாள அட்டை. ஒரு கேடயமும் இனிப்புப் பெட்டியும் கொண்டுவந்திருந்தார்கள். இப்படி ஒரு ஆசிரியை எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லையே என்றார் ஒருவர். நல்ல பேச்சுக்காரர். இன்னொருவர் ஜன்னலோரம் நின்று பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில்தான் வாயைத் திறந்தார். பாப்பா வீட்டுக்கே போய்ப் பரிசு கொடுத்து அம்மா அப்பாவை ஆச்சரியப்படுத்த வேண்டும் என்றார்.

தேவி சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் கேடயத்தோடும் இனிப்போடுமா வருவான் அவள் அண்ணன்? பண்ணைப் பக்கம் என்று பொதுவாகச் சொன்னேன்.

மதுமிதா கதவோரம் டேப்லெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். வா என்று கூப்பிட்டேன். உள்ளே ஓடிவிட்டாள். கேடயத்தில் என் பெயரையும் போட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மதுமிதா வரவில்லை.

பண்ணைக்குப் போகிற ரோட்டில் போலீஸ் ஜீப் நிற்கிறது என்று கவின் சொன்னான். வாயை மூடிக்கொண்டு வாய்ப்பாடு எழுது என்றேன்.

ஆகஸ்ட் 24, சனி

மணியை வெட்டிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பேப்பரில் வந்திருக்கிறது. வியாழக்கிழமை ராத்திரி தீவன லாரியிலிருந்து லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தவரை வாசலிலேயே வெட்டிக் கொன்றிருக்கிறார்கள். மனைவியும் மகளும் அதற்கு முன்பே சோளக்காட்டு வழியாக ஓடித் தப்பித்திருக்கிறார்கள். ஓடும்போதே அவள் கணவருக்குப் போன் செய்திருக்கிறாள், லாரிச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. தாயும் மகளும் இப்போது போலீஸ் பாதுகாப்பில் இருக்கிறார்களாம்.

மனைவியின் பெயர் முப்பிடாதி என்று போட்டிருந்தது. யார் இது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். தேவிதான். என்னிடம்கூட உண்மைப் பெயரைச் சொல்லவில்லை.

அவள் எப்படி முன்னாலேயே தெரிந்துகொண்டு ஓடினாள் என்று பேப்பரில் இல்லை. கேடயத்தைப் பரண்மேல் போட்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

போலீஸ் வந்தது. இரண்டு பேர் வந்தார்கள், பரிசு கொடுத்தார்கள், போனார்கள் என்று சொன்னேன். வீடு எங்கே என்று கேட்டார்களா என்றார் இன்ஸ்பெக்டர். சரியாக நினைவில்லை என்றேன். நிஜமாகவே அன்று பிள்ளைகள் போட்ட சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஆள் அடையாளம் தெரியுமா என்றார். கவனிக்கவில்லை என்றேன்.

போலீஸ் போன பிறகு நாச்சிமுத்து சார் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

டேப்லெட் ஒன்று குறைகிறது. மதுமிதாவிடம் இருந்தது. ஓடும்போது அதையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள் போல. வட்டார வள மையத்திலிருந்து விளக்கம் கேட்கிறார்கள். ஒரு மனுஷன் செத்துப் போயிருக்கிறான், உங்களுக்கு டேப்லெட்டா முக்கியம் என்று போனிலேயே கத்திவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தின விழா. புதுமையான கற்பித்தலுக்காக என்று எனக்குச் சால்வை போட்டார்கள். படத்தை மட்டும் போட்டுக் காட்டவில்லை. மேடையில் யாரும் மதுமிதா பெயரைச் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பஸ்ஸில் சால்வையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது மறந்தது மாதிரி விட்டுவிட்டு இறங்கினேன். கண்டக்டர் ஓடிவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

செப்டம்பர் 11, புதன்

முப்பிடாதியின் அண்ணனைப் பிடித்திருக்கிறார்கள். அன்று முழுக்க ஊரில் கோயில் கொடைத் திருவிழாவில் இருந்தேன் என்கிறானாம். ஊரே திரண்டு ஆமாம் என்கிறதாம். ஜாமீனில் வந்துவிடுவான் என்று பேப்பரில் எழுதியிருக்கிறார்கள்.

நாச்சிமுத்து சார் பேப்பரை மடித்துவிட்டு, "நல்லவேளைங்க டீச்சர், நம்ம பேரு எங்கயும் வரலைங்க" என்றார். அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அவர் சொன்னதைத்தான் நானும் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

முப்பிடாதி வந்தாள். பெண் போலீஸ் ஒருத்தி கூட இருந்தாள். முப்பிடாதி பாதி ஆளாகியிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அன்றைக்கு மாதிரியே செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றாள்.

மதுமிதாவுக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டும். எந்த ஊர்ப் பள்ளிக்கு என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

அப்புறம் சொன்னாள். அந்த இரண்டு பேர் பள்ளிக்கு வந்த அன்று சாயங்காலம் அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, இன்றைக்குப் பிடித்த சத்தம் என்று மதுமிதா டேப்லெட்டைப் போட்டுக் காட்டியிருக்கிறாள். அதில் அண்ணனின் குரல். கத்தியைப் போட்டுவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடினாளாம். டேப்லெட் இப்போது போலீசிடம் இருக்கிறது.

"கொரலு அவன் கொரலுதான்னு நாஞ் சொன்னா, பகையில சொல்லுதேன்னு வக்கீலு சொல்லுதாரு. அவன நேருக்கு நேரா நின்னு பாத்தது நீங்க ஒரு ஆளுதான் டீச்சர். நீங்க வந்து காட்டணும்."

நான் தரையைப் பார்த்தேன். அந்தப் பதிவில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"உங்க கொரலும் கெடக்கு" என்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. சான்றிதழை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, படியிறங்கிப் போய், திரும்பி வந்தாள். "போலீசுக்குக் குடுக்கதுக்கு முன்ன உங்க கொரல மட்டும் அழிச்சிருவோம்ட்டின்னு சொன்னேன். அவ விடமாட்டேங்கா. டீச்சர் குடுத்த வீட்டுப்பாடம்ங்கா."

செப்டம்பர் 18, புதன்

கோர்ட், கேஸ் என்று போனால் பென்ஷன் வரைக்கும் இழுக்கும் என்கிறார் நாச்சிமுத்து சார். போலீசில் முதலில் ஒன்று சொல்லிவிட்டு இப்போது வேறொன்று சொன்னால் என்மேலேயே திரும்பும் என்கிறார். அவன் ஆட்கள் சும்மா இருப்பார்களா என்கிறார். அவர் சொல்வது எல்லாமே நியாயம்தான்.

செப்டம்பர் 19, வியாழன்

வகுப்பில் மதுமிதாவின் இடத்தில் கவின் பையை வைத்தான். எடு என்றேன். ஏன் டீச்சர் என்றான். பையை நானே எடுத்து அவன் பக்கத்தில் வைத்தேன்.

நாளைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

டி.எஸ்.பி. அலுவலகத்துக்குப் போனேன். முன்பு சொன்னது பொய், எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது என்றேன். ஏன் மறைத்தீர்கள் என்றார். பயம் என்றேன். அடையாள அணிவகுப்புக்கு வரச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். குரல் என்னுடையதுதான் என்று உறுதி செய்ய வேண்டும் என்று டேப்லெட்டை மேசைமேல் வைத்தார்கள். பள்ளியின் பெயரை நான் பெயின்ட்டில் எழுதிய அதே டேப்லெட்.

முதலில் வகுப்பு இரைச்சல். பிறகு அந்த நல்ல பேச்சுக்காரர் என்னைப் புகழ்வது. பிறகு நான் சிரிக்கிறேன். பிறகு இன்னொரு குரல், "அந்தப் பாப்பா வீடு எங்கன இருக்கு?" என்கிறது. பேர் கேட்காத ஊரில் கூடு கட்டிய மைனா கதையில் வந்த 'அங்கன' மாதிரியே இந்த 'எங்கன', அதே ஊர்ப் பேச்சு. அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை.

பிறகு என் குரல். இதை அப்படியே எழுதிவைக்கிறேன். "மதுமிதா வூடுங்களா? பண்ணைக்குப் பின்னால லைன் வூடுங்க, கடைசீல நீலக் கதவு. அவங்கப்பா லோடு எறக்கீட்டு ஏழு மணிக்கு மேலதானுங்க வருவாரு. அப்பப் போனீங்கன்னா மூணு பேரையும் ஒண்ணாப் பாத்துரலாமுங்க."

பண்ணைப் பக்கம் என்று பொதுவாகச் சொன்னேன் என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். வழி கேட்டவனுக்கு நேரமும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மறுபடியும் புகழ்ச்சி. மறுபடியும் நான் சிரிக்கிறேன், வாய்விட்டு, நெடுநேரம். அப்படி ஒரு சந்தோஷம் என் குரலில். என் வீட்டில்கூட யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

"இது உங்க குரல்தானா?" என்றார் டி.எஸ்.பி. ஆமாம் என்றேன். யாரும் டேப்லெட்டை நிறுத்தவில்லை. வா என்று நான் கூப்பிடுகிற சத்தம், ஓடுகிற காலடிச் சத்தம், கதவு இடிபடும் சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு வாயை டேப்லெட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ரகசியமாக, நான் சொல்லிக்கொடுத்தபடியே மதுமிதா சொல்கிறாள்:

"இது எங்க டீச்சர் சிரிக்கிற சத்தம்."

வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்தினார். கடைசியில் குழந்தை சொல்வது வழக்குக்குத் தேவையில்லை, அதையும் எழுத வேண்டுமா என்று கேட்டார்.

எழுதுங்கள் என்றேன்.